உள்ளங்கைச் சொட்டு

மங்கையின் இடது உள்ளங்கை எப்போது பார்த்தாலும் லேசாக மஞ்சள் பூத்திருக்கும். எந்த சோப்புக்கும் அது மசியவில்லை. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டின் பின்பக்க கேட்டை ஒட்டி, தார்ப்பாய்க்குக் கீழே அவள் சாப்பாட்டுக்கடை போட்ட காலத்திலிருந்து அந்தக் கையில்தான் ருசி பார்க்கிறாள். கரண்டி நுனியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு. ஊதி, நக்கி, ஒரு நொடி கண்ணை மூடினால் போதும், உப்பு இத்தனை, புளி இத்தனை என்று தெரிந்துவிடும். கரண்டியை அப்படியே வாயில் வைப்பது எச்சில். நாலு பேருக்குப் போடுகிற சோற்றில் எச்சில் படலாமா?

அந்த நாலு பேர் லேசுப்பட்டவர்களும் இல்லை. லோடு ஏற்றுகிறவர்கள், டிரெய்லர் டிரைவர்கள், கேஸ் கட்டிங் ஆட்கள், கிரேன் ஓட்டுகிறவர்கள். காலையிலிருந்து தகடும் ஆங்கிளுமாக வெயிலில் பழுத்துக் கிடக்கிற இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு, முதுகுச் சட்டையில் வேர்வை உப்புப் பூக்க வந்து உட்காருவார்கள். சாப்பாட்டில் குறையென்றால் அவர்களுக்குப் பொறுக்காது. அதிலும் கிரேன் ஒவைஸுக்கு வாய் கொஞ்சம் நீளம். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன்; மனசில் ஒன்று, நாக்கில் ஒன்று வைத்துக்கொள்ளத் தெரியாது.

உப்பு ஒரு கல் குறைந்துவிட்டால் போதும். "இன்னாக்கா, உப்பளத்துல ஸ்டிரைக்கா?" என்று கடைசி பெஞ்சிலிருந்து கத்துவான். ரசத்தில் புளி தூக்கலென்றால், "பல்லு கூசிகினே கிரேன் ஓட்னேன்க்கா, ஒரு தகடு கீய வுய்ந்திருந்தா நீதான் பதில் சொல்லணும்" என்பான்.

"துன்னுட்டு எய்ந்து போடா, பேமானி" என்று மங்கை கரண்டியை ஓங்குவாள். உள்ளுக்குள் அவளுக்குப் பெருமையாக இருக்கும். ருசி தெரிந்தவன்தானே குறை சொல்வான்.

அவளோடு இருபது வருஷத்துக்கும் மேலாகக் குடும்பம் நடத்துகிற புருஷன் அப்பாவு ஒரு நாளும் குறை சொன்னதில்லை. கேஸ் கட்டிங் வேலையில் கண் மங்கிப்போனபின் கடைக்கே வந்துவிட்டவன். தண்ணீர் கேன் தூக்குவது, மீன் ஆய்வது, தட்டுக் கழுவுவது எல்லாம் அவன் பாடு. என்ன போட்டாலும், "நல்லா கீது" என்பான். கருவாட்டுத் தொக்குக்கும் நல்லா கீது, ஆறிப்போன கஞ்சிக்கும் நல்லா கீது. வாயில் எந்நேரமும் புகையிலை. இந்த ஆளுக்குச் சமைப்பதும் சுவருக்குச் சமைப்பதும் ஒன்று என்று மங்கை கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்து, மனசை ஆற்றிக்கொண்டாள்.

முதலில் சும்மா வயிற்றுப்போக்கு என்றுதான் நினைத்தார்கள். பிறகு அடிவயிற்றில் வலது பக்கம் ஒரு முறுக்கு. குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதே கரண்டியை அப்பாவுவிடம் நீட்டிவிட்டு ரோட்டுக்கு அந்தப்பக்கம் கட்டணக் கழிப்பறைக்கு ஓடுவாள். ஆம்பிளைகள் புழங்குகிற மார்க்கெட்டில், அத்தனை பேர் பார்க்க, ஒரு காலைக்குள் திரும்பத் திரும்ப ஓடுவது எப்படி உடம்பைக் கூசவைக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் குடலில் டி.பி.யாக இருக்கலாம் என்று மாசக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். கேட்கவில்லை. மறுபடி குழாய் விட்டுப் பார்த்து, சதை கிள்ளிச் சோதித்து, கடைசியில் குரோன்ஸ் என்று ஒரு பேர் சொன்னார்கள்.

"வாயில நுயையாத நோவு, வவுத்துல மட்டும் எப்டிமே நுயைஞ்சுது?" என்றாள் காத்திவாக்கத்திலிருந்து கூடையில் இறால் கொண்டுவந்து போடும் பச்சையம்மா.

உடம்பே தன் குடலை எதிரியென்று நினைத்து அடிக்கிறதாம். முழுசாகப் போகாது, அடக்கி வைக்கலாம் என்றார் டாக்டர். அடங்காவிட்டால் குடல் சுருங்கிய இடத்தை வெட்டி எடுக்க வேண்டிவரும் என்றும் சொன்னார். வெட்டி எடுத்தால் பிறகு குண்டான் தூக்க முடியுமா என்று மங்கை கேட்டாள். அவர் குனிந்து மாத்திரை எழுதினார். கடை போய்விடுமோ என்கிற பயம் அன்றைக்குத்தான் அவளுக்குள் உட்கார்ந்தது.

மகள் கார்குழலி மணலியில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிறாள். அம்மா துரும்பாக இளைப்பதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியாமல், போனில் தேடி ஒரு டெஸ்ட்டைப் பிடித்தாள். எந்தச் சாப்பாடு உடம்புக்கு ஒவ்வாது என்று ரத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்களாம். வீட்டுக்கே ஆள் வந்து ரத்தம் எடுத்துப் போனான். வந்த ரிப்போர்ட்டில் ஒவ்வொரு பண்டத்துக்கும் நேராக ஒரு கலர் போட்டிருந்தது. திருவொற்றியூர் ஹவுசிங் போர்டு வீட்டில், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து மகள் படித்தாள்.

"புளி செவப்பு. மொளகா செவப்பு. மீனு, இறா, ரெண்டும் செவப்பு. முட்ட, பூண்டு, தக்காளி, தேங்கா…"

"செவப்ப வுடுமே. பச்சையில இன்னா கீது, அத்த சொல்லு."

"சொரக்கா. ஜவ்வரிசி. அப்பறம் கிவி பயம், பாதாம் பாலு, ப்ரோக்கோலி."

"அதெல்லாம் நான் கண்ணாலயே பாத்தது இல்லியே!"

"உன் உடம்புக்கு அதுதாம்மா ஒத்துக்குமாம்."

கிவி பழத்துக்கும் பாதாம் பாலுக்கும் அவர்கள் எங்கே போவது? சுரைக்காயும் ஜவ்வரிசிக் கஞ்சியும் மிஞ்சின. வாரக்கணக்கில் மங்கை அதையே விழுங்கினாள். வயிறு அடங்கவில்லை. கால் வெலவெலத்து ஒருநாள் அடுப்படியிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அப்பாவு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக, டாக்டர் மாத்திரையை மாற்றிவிட்டு அவர்களை உணவு ஆலோசகர் அறைக்கு அனுப்பினார்.

அந்த அறையில் இருந்தது ஜெமிமா. கல்மண்டபத்தில் மளிகை மொத்தக்கடை வைத்திருக்கும் தூத்துக்குடிக்காரர் மகள். சின்ன வயசுதான், பேச்சில் அவசரம் கிடையாது. கார்குழலி நீட்டிய ரிப்போர்ட்டைப் பொறுமையாகப் புரட்டினாள்.

"அம்மா, உங்க வீட்ல எதையெல்லாம் அதிகமா சாப்பிடுவீங்க?"

"நம்ம வூட்ல இன்னா மேடம், மீனு, புளி, மொளகாதான்."

"அதான் இதுல சிவப்பா வந்துருக்கு. உடம்பு எதோட ரொம்பப் பழகியிருக்கோ, அதை ரத்தம் தெரிஞ்சு வச்சிருக்கும். இந்த டெஸ்ட்டு அந்தப் பழக்கத்தைத்தான் காட்டுது. நீங்க தொட்டே பாக்காததெல்லாம் பச்சையா வரும். இதை நம்பி எல்லாத்தையும் நிறுத்திட்டீங்கன்னா உடம்புல தெம்பு எப்படி இருக்கும்?"

கார்குழலியின் முகம் விழுந்துவிட்டது. ஜெமிமா அவள் கையைத் தொட்டு, "அம்மா மேல இருக்க பாசத்துல செஞ்சது, அதுல தப்பு இல்ல" என்றாள். மங்கைக்கு வேறொரு நினைப்பு ஓடியது. பழகினதெல்லாம் சிவப்பு என்றால், இந்த ஆளையும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு போட்டிருப்பார்களே என்று அப்பாவுவைப் பார்த்தாள். அந்த நோவிலும் சிரிப்பு வந்தது.

"உங்களுக்கு எது சேரும், எது சேராதுன்னு உங்க வயித்துகிட்டயே கேப்போம்" என்றாள் ஜெமிமா. "ஊருக்கெல்லாம் ஒரே பத்தியம் கிடையாது. கொஞ்ச நாளைக்கு மெதுவா செரிக்கிறதா மட்டும். குழைஞ்ச சோறு, தோல் எடுத்த பருப்பு, இட்லி, அவிச்ச முட்டை. காரம், புளி வேண்டாம். வயிறு அடங்கினதும் ஒண்ணொண்ணா திருப்பித் தருவேன். தினமும் என்ன சாப்பிட்டீங்கன்னு எனக்குத் தெரியணும். மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது, என்ன?"

எழுத நேரமில்லை என்று மங்கை சொன்னதால் போனில் வாய்ஸ் மெசேஜ் போடுவது என்று முடிவானது. தினமும் சாயங்காலம் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தபிறகு, போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒப்பிப்பாள். "மேடம், மங்க பேசறேன். காலைல ரெண்டு இட்லி. மத்தியானம் கொயைஞ்ச சோறு, பாசிப்பருப்பு. வேற ஒண்ணும் சாப்டல மேடம். வவுறு நோவுது."

இட்லி மாறும், பருப்பு மாறும். வேற ஒண்ணும் சாப்டல என்பது மட்டும் மாறவே இல்லை. வயிற்று வலியும் மாறவில்லை. அடுத்த முறை போனபோது ஜெமிமாவுக்கே குழப்பமாக இருந்தது.

"மத்தியானம்தான் ஜாஸ்தி வலிக்குதுன்னு சொல்றீங்க. காலைல இட்லிதானே சாப்பிடுறீங்க? அதுக்கப்புறம்?"

"அப்பறம் கடைக்குப் பூடுவேன் மேடம். அங்க பச்சத் தண்ணி கூட வாயில படாது. அடுப்பாண்டயே சரியா இருக்கும்."

"என்னம்மா சமைப்பீங்க?"

சும்மா பேச்சுக்குத்தான் கேட்டாள். மங்கையிடம் அதை யாரும் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"மீன் கொயம்புதான் மேடம் நம்ம கடையில பேரு. காசிமேட்ல கானாங்கத்தையா, சங்கராவான்னு அன்னிக்கி எது நல்லா கீதோ அத்த எங்க வூட்டுக்காரரு எடுத்துகினு வருவாரு. வெந்தியம் தாளிச்சி, சின்ன வெங்காயம் போட்டு, அது கண்ணாடி மாதிரி வரணும். வந்தா தக்காளி. அது கரைஞ்சதும் மொளகாத்தூளு, புளித் தண்ணி. கொதி வரும் பாருங்க, அப்ப மீன் போடக்கூடாது. பச்ச வாசன போயி, ஓரத்துல எண்ண பிரியணும். அப்ப கரண்டில எடுத்து…"

வலது கை இல்லாத கரண்டியைச் சாய்த்தது. இடது கை விரிந்தது. மங்கை வெறும் உள்ளங்கையை உதட்டருகே கொண்டுபோய் ஊதி, நுனிநாக்கால் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜெமிமா பேனாவைக் கீழே வைத்தாள். "இது என்னம்மா?"

"எது மேடம்?"

"இப்ப கையை நக்குனீங்களே."

"அதுவா? ருசி பாக்கறது."

"தினமுமா?"

"ருசி பாக்காம எப்டி மேடம் கொயம்பு வெக்கறது? காரக்கொயம்பு, மீன் கொயம்பு, ரசம், தொக்கு எல்லாத்துக்கும்தான். கூட்டும்போது ஒண்ணு, கொதிக்கும்போது ஒண்ணு, எறக்கும்போது ஒண்ணு. உப்பு சேரலன்னா இன்னொண்ணு."

"வேற ஒண்ணும் சாப்பிடலன்னு தினமும் சொல்லுதீங்களே?"

"ஆமா, சாப்டலியே."

"அப்ப இது?"

மங்கை உண்மையாகவே திகைத்துப் போனாள். "இது எப்டி மேடம் சாப்பாடாவும்? இது வேல!"

ஜெமிமா சிரித்துவிட்டாள், பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "கொதிக்கிற மிளகாயும் புளியும் காலை பூரா சொட்டுச் சொட்டா உள்ள போயிக்கிட்டே இருக்கும்மா, அதுவும் புண்ணான குடலுக்கு. அது விஷம் இல்ல. ஆனா எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கிட்டே இருந்தா எது உங்களுக்குச் சேரலன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க? இனிமே ருசி பாக்கக் கூடாது. சொட்டுக் கூட."

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மங்கை ஷேர் ஆட்டோவில் எண்ணூர் பக்கம் போகிற கண்டெய்னர் லாரிகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்குள் ஒரு கள்ளத்தனம் இருந்தது. அது இப்போதுதான் அவளுக்கே வெளிச்சமானது. போன சில மாதமாக, உப்பு சரியென்று தெரிந்தபிறகும் இன்னொரு சொட்டு விட்டுப் பார்த்திருக்கிறாள். இறக்கி மூடியபிறகும் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறாள். நாள் பூரா கஞ்சியும் பருப்புமாக வழுக்கிப் போகிற வாயில், மீனின் வாசம் தங்குகிற இடம் அந்த உள்ளங்கை ஒன்றுதான். அது வேலையே இல்லை. அது பசி. அதுவும் போய்விட்டது.

மறுநாள் குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்தது. மங்கை கரண்டியைத் தூக்கினாள், கையை விரித்தாள், அப்படியே நின்றாள்.

"யோவ், இங்க வா. கைய நீட்டு."

அப்பாவு புகையிலையைத் துப்பி, வாய் கொப்பளித்துவிட்டு வந்தான். சொட்டு விழுந்தது. நக்கினான். மேலே தார்ப்பாயைப் பார்த்தான்.

"இன்னா?"

"நல்லா கீது."

"நல்லா கீதுன்னு சொல்றதுக்கா உன்ன கூப்ட்டேன்? உப்பு எப்டி கீது? ஒயுங்கா சொல்லுய்யா. இன்னிமே நீதான் எனக்கு நாக்கு."

அந்த வார்த்தை அப்பாவுவை என்னவோ செய்தது. மறுபடி ஒரு சொட்டு வாங்கி, ரொம்ப நேரம் வாயில் வைத்திருந்துவிட்டு, "உப்பு கம்மி" என்றான்.

மங்கை ஆடிப்போனாள். அவள் கைக்கு உப்பு சரியாகத்தான் இருந்தது. ஆனால் உடம்பே தன்னை ஏமாற்றியபிறகு கையை மட்டும் எப்படி நம்புவது? ஒரு கை அள்ளிப் போட்டாள். அன்றிலிருந்து தினமும் இதே கதை. ரசம் கம்மி, தொக்கு கம்மி, குழம்பு இன்னும் கொஞ்சம் போடு. இத்தனை வருஷமும் தான் உப்புக் குறைவாகத்தான் போட்டுக்கொண்டிருந்தோமா, இந்த மனுஷன் வாயைத் திறக்காமல் தின்றானா என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையாக வந்தது.

அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று இருந்தது. கடையில் ஒருத்தன்கூடக் குறை சொல்லவில்லை. கூட்டம் குறையவில்லை. ஒவைஸ்கூட, "ஷோக்கா கீதுக்கா, இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து" என்று தட்டை நீட்டினான். நன்றாக இருக்கிறது என்று கேட்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சில் என்னவோ குத்தியது. தன் நாக்கு இல்லாமலே கடை நடக்கிறது. அப்படியென்றால் இத்தனை காலம் கண்ணை மூடி நக்கியதெல்லாம் எதற்கு?

சித்திரை போய் வைகாசி வந்தது. கத்திரி வெயிலில் மார்க்கெட் தகித்தது. தகட்டுக் கட்டுகளுக்கு நடுவே நடந்தால் அடுப்புக்குள் நடப்பது போலிருந்தது. தண்ணீர் கேன் மத்தியானத்துக்குள்ளேயே காலியாகி, அப்பாவு இன்னொரு கேனுக்கு ஓடினான். மோரும் நிற்கவில்லை. வெயில் பேஜார் பண்ணுகிறது என்று மங்கை சொல்ல, ஆமாம் ஆமாம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

மாத்திரையா, பத்தியமா, சொட்டை விட்டதா, எது கேட்டதென்று தெரியாது. முறுக்கு மெல்ல விட்டது. ரோட்டைத் தாண்டி ஓடுவது குறைந்தது. ரத்த டெஸ்ட்டில் குடல் வீக்கத்தின் அளவு இறங்கியிருக்கிறது, இப்போதைக்கு வெட்ட வேண்டாம் என்றார் டாக்டர். ஜெமிமா சொன்னபடி ஒவ்வொன்றாகத் திருப்பித் தந்தாள். முதலில் வாழைப்பழம், பிறகு முள் எடுத்த அவித்த மீன்.

"அடுத்தது என்ன வேணும்? நீங்களே சொல்லுங்க" என்றாள் ஒருநாள்.

மங்கை தயங்கித் தயங்கிக் கேட்டாள். "எனக்கு சாப்பாடு ஒண்ணும் வாணாம் மேடம். அந்த சொட்டு ஒண்ணே ஒண்ணு குடுப்பீங்களா? ஒரு நாளைக்கி ஒண்ணு. நானு ருசி பாத்து ரொம்ப நாளாவுது. கை சும்மாவே கீது மேடம்."

சொல்லிக்கொண்டே இடது கையை மேஜைமேல் விரித்து வைத்தாள். ஜெமிமா அவள் உள்ளங்கையைப் பார்த்தாள். மஞ்சள் வெளுத்திருந்தது.

"ஒண்ணுன்னா ஒண்ணுதான். வயிறு வலிச்சா அன்னைக்கே நிறுத்திரணும். அதையும் வாய்ஸ்ல சொல்லணும், சரியா?"

மறுநாள் அந்த ஒரு சொட்டை வைத்துக்கொண்டு மங்கை பட்ட பாடு சொல்லி மாளாது. காரக்குழம்பு கொதித்தது, வேண்டாம், ரசம் இறங்கட்டும். ரசம் இறங்கியது, வேண்டாம், மீன் குழம்பு. மீன் குழம்பும் இறங்கியது. அப்பாவு வழக்கம்போல் நக்கிவிட்டு உப்பு கம்மி என்றான், போட்டாள். அப்போதும் பார்க்கவில்லை. மத்தியானம் ஆகி அடியில் வற்றிக் கெட்டியாகும்போதுதான் அந்தக் குழம்பில் மீன் முழுசாக இறங்கியிருக்கும். அதுவரை காத்திருந்தாள்.

கூட்டம் கலைந்து ஒவைஸும் இன்னும் ரெண்டு மூன்று பேரும் பெஞ்சில் சாய்ந்திருந்தார்கள். மங்கை குண்டானைச் சாய்த்து, கரண்டி நுனியில் எடுத்து, இடது கையை விரித்தாள். சூடு உள்ளங்கையில் பட்டது. ஊதினாள். நாக்கை வைத்தாள். கண்ணை மூடினாள்.

உப்பு. ஒரே உப்பு. மீன் எங்கே, புளி எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

கண்ணைத் திறந்தபோது ஓரத்தில் கவிழ்ந்து கிடந்த காலி தண்ணீர் கேன் தெரிந்தது. அதைப் பார்த்தாள். காலியான மோர்ப் பானையைப் பார்த்தாள். பிறகு, துடைத்து வழித்துத் தின்று முடித்திருந்த ஒவைஸின் தட்டைப் பார்த்தாள்.

"டேய் ஒவைஸு. எத்தினி நாளாடா இத்த துன்னுகினு கீறீங்க?"

"எத்தக்கா?"

"டபாய்க்காத. கடலையே தூக்கி குண்டான்ல ஊத்தி வெச்சிகீறேன். எவனுக்கும் வாய் இல்லியா? உப்பளத்துல ஸ்டிரைக்கானு கேட்ட வாய் எங்கடா பூட்சு?"

ஒவைஸ் தட்டை விரலால் தட்டிக்கொண்டிருந்தான். "நீ ருசி பாக்கக் கூடாதாமேக்கா. பாத்தா ஆபரேசன்னு அப்பாவு நைனா சொன்னாரு. நாங்க கத்துனா நீ மறுபடியும் கைய நீட்டிடுவ. அதான் பசங்ககிட்ட சொல்லி வெச்சேன், எவனும் மூஞ்ச சுளிக்கக் கூடாதுன்னு." சட்டென்று பழைய வாய் திரும்பியது. "உப்பிட்டவங்கள உள்ளளவும் நெனைக்கணும்னு சொல்லுவாங்கல்ல? நீ கொஞ்சம் ஓவரா இட்டுட்ட, அவ்ளோதான்."

மங்கை அப்பாவு பக்கம் திரும்பினாள். அவன் கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியல மங்க" என்றான் தலையைத் தூக்காமல். "பொகையில போட்டுப் போட்டு நாக்கு எப்பவோ செத்துப் பூட்சு. நீதான் எனக்கு நாக்குன்னு சொல்லும்போது, தெரியலன்னு சொல்ல மனசு வர்ல. உப்பு கம்மின்னா ருசி தெரிஞ்சவன் பேச்சு மாதிரி இருந்திச்சு."

மங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டே, கண்டபடி எல்லோரையும் திட்டினாள். கையாலாகாத ஜென்மங்கள் என்றாள். மரக்கட்டைகள் என்றாள். நோவு வந்ததிலிருந்து இப்படி அவள் வாய்விட்டுத் திட்டியதில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கி கிரேன் ஏர்றதுக்கு முன்ன இங்க வந்து கைய நீட்டிட்டுப் போ" என்று ஒவைஸிடம் சொன்னாள். "உண்மைய சொல்லணும். பொய் சொன்ன, கொதிக்கக் கொதிக்க ஊத்திருவேன்."

சாயங்காலம் குண்டானையெல்லாம் கவிழ்த்துவிட்டு, போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். பின்னால் எங்கோ ஒரு டிரெய்லர் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. இடது கையை இன்னும் அவள் கழுவவில்லை.

"மேடம், மங்க பேசறேன். காலைல ரெண்டு இட்லி, ஒரு வாயப்பயம். மத்தியானம் கொயைஞ்ச சோறு, அவிச்ச சங்கரா. அப்பறம்…"

உள்ளங்கையில் காய்ந்திருந்த குழம்புத் தடத்தைப் பார்த்தாள்.

"அப்பறம் மீன் கொயம்பு சாப்ட்டேன் மேடம். ஒரு சொட்டு. உப்பு ஜாஸ்தி. ரொம்ப நல்லா இருந்திச்சு."